அணுமின் துறையில் கூட்டுத் திறன் பயிற்சித் திட்டத்தை நிர்வகிப்பது எப்படி?

அணுமின் நிலையங்களை இயக்குவோர், கட்டுமான ஒப்பந்ததாரர்கள், கருவி உற்பத்தியாளர்கள், பல்கலைக்கழகங்கள், அரசுத் துறைகள் எனப் பல தரப்பினர் சேர்ந்து திறன் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கும்போது, ஆட்சிக்குழுவுக்கு இல்லாத அதிகாரம் எது என்பதைச் சாசனத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். 1994இல் ஏற்கப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்த அணுப் பாதுகாப்பு உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, நிலையத்தின் பாதுகாப்புக்கான முதன்மைப் பொறுப்பை உரிமம் பெற்ற நிறுவனத்தின்மீதே வைக்கிறது. ஆகவே கூட்டுத் திட்டம் ஒருவருக்குப் பயிற்சி தரலாம், சான்றிதழும் வழங்கலாம். ஆனால் அவரைக் குறிப்பிட்ட பணியில் அமர்த்தலாமா என்பதை அந்த நிறுவனம்தான், ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டு, முடிவுசெய்ய வேண்டும்.

அமைப்பைப் பொறுத்தவரை இரண்டு அடுக்குகள் போதும். நிதியையும் ஆட்களையும் ஒதுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் காலாண்டுக்கு ஒருமுறை கூடும் ஆட்சிக்குழு ஒன்று. பயிற்சி மேலாளர்கள் மாதந்தோறும் கூடும் செயற்குழு மற்றொன்று. ஆட்சிக்குழுவுக்கு வருபவர் ஒவ்வொரு முறையும் “மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லும் நிலையில் இருந்தால், அந்த இருக்கையில் வேறொருவர் அமர வேண்டும். ஒழுங்குமுறை ஆணையம் பார்வையாளராக மட்டும் இருப்பதே முறை; நிலையத்தின் பயிற்சித் தரத்தைப் பின்னாளில் மதிப்பிடப்போகிறவர் இன்று அதற்கு வாக்களிக்கக் கூடாது.

திட்டங்கள் பெரும்பாலும் இடறுவது தேவையைக் கணக்கிடும் இடத்தில்தான். எடுத்துக்காட்டாக, புதிய உலைக் கட்டுமானம் ஒன்றுக்கு 200 வெல்டர்கள் தேவை என்று நிலைய உரிமையாளர் எழுதுவார். அதே 200 பேரை முதன்மை ஒப்பந்ததாரரும் எழுதுவார். அவர்களில் 120 பேரைத் துணை ஒப்பந்ததாரர் தம் பட்டியலில் காட்டுவார். மூன்றையும் கூட்டினால் 520 என்று வரும், வேலை என்னவோ 200 பேருக்குத்தான் இருக்கும். இதைத் தவிர்க்க, பணி, தகுதி நிலை, இடம், தேவைப்படும் காலாண்டு ஆகியவற்றுடன் “சம்பளம் தருபவர் யார்” என்ற பத்தியையும் படிவத்தில் சேர்த்து, சம்பளம் தருபவரின் எண்ணிக்கையை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டு நிலையங்களின் பராமரிப்பு நிறுத்தங்கள் ஒரே மாதங்களில் வந்தால் இருவரும் அதே ஒப்பந்தத் தொழிலாளர்களைத் தேடுவார்கள் என்பதும் இந்தப் படிவத்தில் முன்கூட்டியே தெரிந்துவிடும். பிரிட்டன் 2024இல் வெளியிட்ட தேசிய அணுத்துறைத் திறன் திட்டம் மின் உற்பத்தியையும் நாட்டின் ராணுவப் பாதுகாப்புத் துறையையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்ததற்கும் வலுவான காரணம் உண்டு: இரண்டும் ஆள் எடுப்பது ஒரே கூட்டத்திலிருந்துதான்.

இந்தத் தரவை உறுப்பு நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று நேரடியாகக் காட்டக் கூடாது. நடுநிலையான செயலகம் அதைத் திரட்டி, மொத்த எண்ணிக்கையை மட்டும் தர வேண்டும். சம்பள விவரங்களைப் பகிர்வதும், ஒருவர் பணியாளரை மற்றவர் எடுப்பதில்லை என்று ஒப்புக்கொள்வதும் பல நாடுகளில், நிறுவனங்கள் தமக்குள் கூடிப் போட்டியைக் குலைப்பதைத் தடுக்கும் போட்டிச் சட்டத்தை மீறும் செயல்களாகக் கருதப்படலாம்; ஆகவே, பயிற்சி கொடுத்தவரிடமிருந்து ஆள் போய்விடுவார் என்ற கவலைக்கு, ஊழியர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பொது நிதிக்குப் பங்கு செலுத்தும் முறையே பாதுகாப்பான விடை என்பது என் கருத்து. அதையும் சட்ட ஆலோசகர் பார்த்த பின்பே கையெழுத்திட வேண்டும்.

பாடத்திட்டத்துக்குச் சர்வதேச அணுசக்தி முகமை பரிந்துரைக்கும் முறைசார் பயிற்சி அணுகுமுறை நல்ல அடித்தளம்: பணியைப் பகுத்தாய்தல், வடிவமைத்தல், உருவாக்குதல், நடத்துதல், மதிப்பிடுதல். கடைசிப் படியைத்தான் பலரும் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள்; நடந்ததிலிருந்து கற்றது பயிற்சிக்குத் திரும்பாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1977இல் அமெரிக்காவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. அங்கே கிடைத்த பாடம், அதே உற்பத்தியாளரின் உலை இயங்கிய, அமெரிக்காவின் இன்னொரு நிலையமான த்ரீ மைல் தீவில் உலையை இயக்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. 1979 மார்ச்சில் அங்கும் அப்படியொரு வால்வு மூடாமல் நின்றபோது, உலைக் குளிர்நீரின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் கலமான பிரஷரைசரில் நீர்மட்டம் உயர்ந்து தெரிந்ததால் நீர் போதிய அளவு இருப்பதாக நம்பி, அவர்கள் அவசரக் குளிர்நீரைக் குறைத்துவிட்டார்கள். அவர்கள் பெற்றிருந்த பயிற்சியே அந்த மட்டம் அளவுக்கு மேல் உயர்வதைக் கண்டு அஞ்சச் சொல்லியிருந்தது. எனவே, நிகழ்வறிக்கை ஒன்று வந்தால் எத்தனை நாளுக்குள் அது எல்லா உறுப்பினர்களின் சிமுலேட்டர் பயிற்சியிலும் இடம்பெற வேண்டும், அதற்குப் பொறுப்பாளர் யார் என்பதை ஆட்சிக்குழு தன் நிலையான நிகழ்ச்சிநிரலில் வைத்திருக்க வேண்டும்.

வழங்கிய சான்றிதழ்களின் எண்ணிக்கையை வெற்றியாகக் கொள்ளாமல், பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பின்னும் அந்தப் பணியில் இருக்கிறார்கள் என்பதைக் கேளுங்கள். பயிற்றுநர்களுக்கும் தனிக் கணக்கு வேண்டும். பராமரிப்புக் காலம் வந்தால் தேர்ந்த பயிற்றுநரைத்தான் நிலையம் முதலில் திரும்ப அழைத்துக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு உறுப்பினரும் ஆண்டுக்கு எத்தனை பயிற்றுநர் நாட்கள் தருவார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். உறுப்பினர் ஒருவர் விலகும் நிலைக்கும் விதி வேண்டும்: ஏற்கெனவே சேர்ந்துவிட்ட தொழிற்பழகுநர்கள் படிப்பை முடிக்கும்வரை அவர்களுக்கான பங்குத் தொகையை விலகியவரே செலுத்த வேண்டும்.