பணம் வந்த பிறகு என்ன நடந்தது: பழைய கிரவுட்ஃபண்டிங் கேம்பெயின்களைப் படிக்கும் விதம்

இன்னும் தயாராகாத பொருளுக்கு இணையத்தில் பலரிடம் முன்பணம் திரட்டுவதுதான் கிரவுட்ஃபண்டிங்; அப்படி ஒரு தடவை திரட்டுவது ஒரு கேம்பெயின். முடிந்துபோன ஒரு கேம்பெயினை ஆராய உட்கார்ந்தால் நான் வீடியோவைப் பார்ப்பதில்லை. நேராக கமென்ட் பகுதிக்குப் போய், கடைசியாக யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். கேம்பெயின் முடிந்து இரண்டு வருடம் கழித்தும் "என் பொருள் எங்கே?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தால், பக்கத்தின் மேலே கொட்டை எழுத்தில் நிற்கும் தொகைமேல் எனக்கு மரியாதை குறைந்துவிடும்.

பிளாஸ்டிக் உறையும் உள்ளே ஒரு சர்க்யூட் போர்டும் கொண்ட சின்னச் சின்ன சாதனங்களை வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். கிரவுட்ஃபண்டிங்கில் இறங்கப் போகிறவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் பெப்பிள் கதையோடுதான் வருவார்கள். 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கிரவுட்ஃபண்டிங் தளத்தில் ஒரு லட்சம் டாலர் கேட்டு, 68,929 பேரிடமிருந்து 1,02,66,845 டாலர் திரட்டிய கைக்கடிகாரம். கதை உண்மைதான். ஆனால் கடிகாரம் கைக்கு வரும் மாதம் என்று அந்தப் பக்கத்தில் போட்டிருந்தது 2012 செப்டம்பர். முதல் கடிகாரங்கள் கிளம்பியதோ 2013 ஜனவரியில். வந்தவர்களிடம் நான் கேட்பது இந்த நாலு மாதத்தைப் பற்றித்தான். உங்கள் பொருளுக்கு என்ன விலை வைக்கலாம், எந்தத் தேதியை வாக்குக் கொடுக்கலாம், எவ்வளவு கேட்கலாம் என்பதற்கெல்லாம் விடை, பணம் வந்த பிறகு மற்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதில் இருக்கிறது.

எந்தக் கேம்பெயின்களைப் படிப்பது? உங்கள் பொருளைப் போலவே இருப்பதைத் தேடாதீர்கள்; உங்கள் பொருளைப் போலவே தயாராவதைத் தேடுங்கள். நீங்கள் மேசை விளக்கு செய்கிறீர்கள் என்றால் மற்ற மேசை விளக்குகளைவிட, அதே எடையில், அதே விலையில், ஒரு மோல்டும் (பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு) ஒரு பேட்டரியும் வேண்டியிருக்கும் ஸ்பீக்கரோ டைமரோ அதிகம் சொல்லித் தரும். பதினைந்து, இருபது கேம்பெயின் போதும். அதில் மூன்றில் ஒரு பங்காவது தோற்றவையாக இருக்கட்டும். இதை மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன். ஜெயித்தவற்றை மட்டும் வரிசையாகப் படித்தால், அவர்கள் எல்லோரும் செய்த ஒன்றுதான் வெற்றிக்குக் காரணம் என்று தோன்றும். தோற்றவர்களும் அதையே செய்திருப்பார்கள்.

தோற்றவற்றைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் வேலை. கிக்ஸ்டார்ட்டர் தோல்வியடைந்த பக்கங்களை அழிப்பதில்லை, ஆனால் முன்னால் எடுத்து வைப்பதும் இல்லை. தேடலில் திரட்டிய சதவீதத்தை வைத்து வடிகட்டிப் பாருங்கள். கொஞ்சம் கணினிப் பழக்கம் இருந்தால் வெப் ரோபோட்ஸ் தளத்திலிருந்து கிக்ஸ்டார்ட்டர், அதைப் போன்ற இன்னொரு தளமான இண்டிகோகோ இரண்டின் தரவுக் கோப்புகளையும் இறக்கி, எக்செலில் உங்கள் பிரிவை மட்டும் பிரித்தெடுக்கலாம். கிக்ஸ்டார்ட்டரே தன் புள்ளிவிவரப் பக்கத்தில் பிரிவுவாரியாக வெற்றி விகிதத்தை வெளியிடுகிறது. தோற்றவற்றில் பெரும்பாலானவை இலக்கில் 20 சதவீதத்தைக்கூடத் தொடாதவை என்பதும் அங்கேயே தெரியும். மயிரிழையில் தோற்றவை குறைவு. அதனால் 60, 70 சதவீதம் வரை வந்து நின்றுபோன ஒன்று உங்கள் பிரிவில் அகப்பட்டால் விடாதீர்கள். பொருளின் மேல் ஆசை இருந்திருக்கிறது, வேறு ஏதோ தட்டியிருக்கிறது.

அப்படித் தோற்ற ஒன்றும், அதே பொருளுக்குப் பிறகு ஜெயித்த ஒன்றுமாக ஒரு ஜோடி ஏற்கனவே நம் கண் முன்னால் இருக்கிறது. கூலஸ்ட் கூலர் என்ற ஐஸ் பெட்டி: உள்ளே பிளெண்டர், ஸ்பீக்கர் எல்லாம் வைத்தது. 2013 குளிர்காலத்தில் 1,25,000 டாலர் கேட்டார்கள். ஒரு லட்சத்துச் சொச்சம் வந்து நின்றது. கிக்ஸ்டார்ட்டரில் இலக்கைத் தொடாவிட்டால் ஒரு காசும் கிடைக்காது. பெட்டியை உருவாக்கியவர் அடுத்த கோடையில் வடிவத்தைச் சரிசெய்து, இலக்கை 50,000-ஆகக் குறைத்து, முதல் தடவை ஆதரித்தவர்களையும் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார். 62,642 பேர், 1,32,85,226 டாலர். பருவம், இலக்கு, முன்கூட்டியே சேர்த்த ஆட்கள் ஆகிய மூன்றும் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான பாடம் கிடைப்பது அரிது.

பாடத்தின் மறுபாதி அதற்குப் பிறகு. மொத்தத் தொகையை ஆதரவாளர் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு 212 டாலர். ரிவார்டு என்பது கொடுத்த பணத்துக்குப் பதிலாகக் கிடைப்பது; பெட்டிக்கான பிரதான ரிவார்டின் விலை 185. பின்னால் அது அமேசானில் 499 டாலருக்கு விற்பனைக்கு வந்தபோது, முன்பணம் கொடுத்த ஆயிரக்கணக்கானோர் இன்னும் காத்திருந்தார்கள். 2016-இல், 97 டாலர் கூடுதலாகத் தந்தால் சீக்கிரம் அனுப்புகிறோம் என்றார்கள். 2019 டிசம்பரில் நிறுவனம் மூடிவிட்டது. ஏறக்குறைய 20,000 பேருக்குப் பெட்டி வரவே இல்லை. எனக்கு இதில் தெரிவது ஒரு விலைப் பிழை: சில நூறு பேருக்கு என்று போட்ட விலையை அறுபதாயிரம் பேர் பிடித்துக்கொண்டார்கள். ரிவார்டுக்கு எண்ணிக்கை வரம்பு வைக்கும் வசதி எதற்கு என்று யாராவது கேட்டால் இந்தப் பெட்டியைக் காட்டுவேன்.

இந்த வகுத்தல் கணக்கை எல்லாக் கேம்பெயினுக்கும் போட்டு ஒரு அட்டவணையில் எழுதுங்கள். பெப்பிளுக்குச் சுமார் 149 டாலர் வருகிறது. ஆனால் சாதாரணக் கருப்புக் கடிகாரத்தின் ரிவார்டு 115 டாலர்தான். மிச்சம் எங்கிருந்து? நிறம் தேர்வு செய்ய வைத்த கூடுதல் ரிவார்டு, இரண்டு கடிகாரம் ஒன்றாக, வெளிநாட்டு அனுப்பும் செலவு. 2015-இல் வந்த எக்ஸ்ப்ளோடிங் கிட்டன்ஸ் சீட்டாட்டத்துக்கு 2,19,382 பேர் சேர்ந்து 87.8 லட்சம் டாலர் கொடுத்தார்கள், ஆளுக்கு 40. அதன் முக்கிய ரிவார்டுகள் 20, 35 என்று இரண்டு விலையில் இருந்தன. சொன்ன ஜூலையிலேயே சீட்டுக்கட்டு அனுப்பத் தொடங்கினார்கள். காகிதத்தில் அச்சடிப்பதுதானே என்பீர்கள். அதேதான் நான் சொல்வதும்: உற்பத்தி எவ்வளவு எளிதோ அவ்வளவு தேதி நிற்கும்.

அடுத்து, ஒவ்வொரு ரிவார்டுக்கும் எத்தனை பேர் என்பது பக்கத்திலேயே இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள். முதலில் வருகிறவர்களுக்கான சலுகை விலையான ஏர்லி பேர்ட் சட்டென்று தீர்ந்து, அடுத்த விலையில் கூட்டம் நின்றுவிட்டால் அந்த அடுத்த விலை அதிகம் என்று பொருள். இரட்டைப் பொட்டலத்தை யாரும் தொடவில்லையென்றால் உங்கள் பட்டியலிலும் அது வேண்டாம். டீ-ஷர்ட், ஸ்டிக்கர் ரிவார்டுகளைப் பற்றி என் கருத்து: அவற்றை மடித்து அனுப்பும் கூலிக்கே அவை தரும் பணம் சரியாகிவிடும்.

நாள்வாரி வரவைப் பார்க்க கிக்ட்ராக் என்ற தளம் உதவும். தொடக்கத்தில் ஒரு மேடு, நடுவில் நீண்ட பள்ளம், கடைசி இரண்டு நாளில் மறுபடி மேடு என்றுதான் ஏறக்குறைய எல்லாம் இருக்கும். நினைவூட்டச் சொன்னவர்களுக்கு முடிவதற்கு 48 மணி நேரம் முன்பு கிக்ஸ்டார்ட்டர் மின்னஞ்சல் அனுப்புவது அந்தக் கடைசி மேட்டுக்கு ஒரு காரணம். முதல் மேடு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அந்த நிறுவனத்தின் இணையதளம் கேம்பெயினுக்கு மூன்று மாதம் முன்பு எப்படி இருந்தது என்று பாருங்கள். மின்னஞ்சல் முகவரி கேட்கும் ஒற்றைப் பக்கம் இருந்ததா? அப்படியானால் அந்த முதல் நாள் கூட்டம் தானாக வந்ததல்ல. உருவாக்கியவரின் பெயரைத் தட்டினால் இதற்கு முன் எத்தனை கேம்பெயின் நடத்தினார் என்பதும் வரும். ஐந்தாவது கேம்பெயின் நடத்துபவரின் முதல் நாளை உங்கள் முதல் கேம்பெயினோடு ஒப்பிடாதீர்கள்.

இண்டிகோகோ பக்கங்களைப் படிக்கும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. அங்கே இலக்கைத் தொடாவிட்டாலும் வந்த பணத்தை வைத்துக்கொள்ளும் முறை இருந்தது. கேம்பெயின் முடிந்த பிறகும் இன்டிமாண்ட் என்ற பெயரில் விற்பனை தொடர்ந்தது, அந்தப் பணமும் மொத்தத்தில் ஏறியது. அந்தத் தொகையைக் கிக்ஸ்டார்ட்டர் தொகைக்குப் பக்கத்தில் அப்படியே எழுதினால் உங்கள் அட்டவணை பொய் சொல்லும்.

இனி அப்டேட்கள், அதாவது உருவாக்கியவர்கள் அவ்வப்போது எழுதும் நிலவர அறிவிப்புகள். நேரத்தில் பாதியை இங்கே செலவழியுங்கள். சில அப்டேட்கள் ஆதரவாளர்களுக்கு மட்டும் திறக்கும். அதன் சாரத்தை கமென்டில் யாராவது கோபத்தோடு எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு தாமத அறிவிப்புக்கும் ஒரு வரி: எந்த மாதம், எவ்வளவு தள்ளிப்போனது, காரணம் என்ன. எலக்ட்ரானிக்ஸில் காரணங்கள் திரும்பத் திரும்ப அவையேதான் வரும். மோல்டிலிருந்து வந்த முதல் சாம்பிளில் பொருத்தம் சரியில்லை. சீனப் புத்தாண்டுக்குத் தொழிற்சாலை மூடிவிட்டது. லித்தியம் பேட்டரியைக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்ற வேண்டுமானால் யுஎன் 38.3 என்ற பாதுகாப்புச் சோதனை தேறியிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் வரவில்லை. ஐரோப்பாவுக்கு அனுப்பிய பெட்டிகளுக்கு வரி கேட்டுவிட்டார்கள். ஒரு சிப் கிடைக்கவில்லை, வேறு சிப் போட்டதால் போர்டையே மாற்ற வேண்டியதாயிற்று. உங்கள் பொருளுக்கு இதில் எவையெல்லாம் பொருந்தும் என்று டிக் அடித்துக்கொண்டே போங்கள். உங்கள் பக்கத்தின் அபாயங்கள் பகுதியை எழுத உட்காரும்போது அந்த டிக்குகள்தான் கைகொடுக்கும்.

தாமதம் விதிவிலக்கு என்று நினைப்பவர்களுக்கு: அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளியின் ஈதன் மோலிக் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கிக்ஸ்டார்ட்டரின் வடிவமைப்பு, தொழில்நுட்பத் திட்டங்களில் 75 சதவீதத்துக்கும் மேல் சொன்ன தேதியைத் தவறவிட்டிருந்தன. 2015-இல் ஏறக்குறைய 47,000 ஆதரவாளர்களிடம் கேட்டு அவர் செய்த இன்னொரு ஆய்வில், 9 சதவீதத் திட்டங்கள் ரிவார்டைக் கொடுக்கவே இல்லை. ஆகத் தாமதம் சகஜம், முழு ஏமாற்றம் குறைவு. கமென்டில் மக்கள் எதற்குக் கொதிக்கிறார்கள் என்று பார்த்தால், தாமதத்தைவிட மௌனத்துக்குத்தான். மாதம் ஒரு அப்டேட் தவறாமல் போட்டவர்கள் ஒரு வருடம் பிந்தியும் தப்பித்திருக்கிறார்கள்.

முழுத் தோல்வி ஒன்றையாவது ஆழமாகப் படிக்க வேண்டுமென்றால் ஸானோ ட்ரோனை எடுங்கள். 12,000-க்கும் மேற்பட்டவர்கள் 23 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். 2015 நவம்பரில் நிறுவனம் சரிந்தது. என்ன நடந்தது என்று விசாரித்து எழுத மார்க் ஹாரிஸ் என்ற பத்திரிகையாளரைக் கிக்ஸ்டார்ட்டரே அமர்த்தியது. 2016 ஜனவரியில் அறிக்கை வந்தது. வாக்குக் கொடுத்ததைச் செய்து முடிக்கத் தேவையான தொழில்நுட்பத் திறனோ வணிகத் திறனோ அவர்களிடம் இருக்கவில்லை என்பதே அதன் முடிவு. நீளமான அறிக்கை, ஆனால் ஒரு ப்ரோட்டோடைப் எப்படி உற்பத்திப் பொருளாகாமல் போகிறது என்பதை இவ்வளவு விவரமாக வேறெங்கும் நான் படித்ததில்லை.

அட்டவணை நிரம்பியதும் மூன்று எண் எடுங்கள். ஒன்று, தோற்றவற்றையும் சேர்த்த ஆதரவாளர் எண்ணிக்கையின் இடைநிலை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண். சராசரி வேண்டாம், ஒரே ஒரு பெப்பிள் அதைக் கெடுத்துவிடும். இரண்டு, ஆளுக்கு வந்த தொகை. மூன்று, தாமத மாதங்களின் இடைநிலை. முதல் இரண்டையும் பெருக்கி, கிக்ஸ்டார்ட்டரின் 5 சதவீதக் கட்டணம், பணப் பரிமாற்றத்துக்கு ஏறக்குறைய 3 சதவீதமும் சில்லறையும், விளம்பரம், அனுப்பும் செலவு எல்லாம் கழித்துப் பாருங்கள். மிச்சம் உங்கள் மோல்டுக்கும் தொழிற்சாலை கேட்கும் குறைந்தபட்ச எண்ணிக்கைக்கும் போதுமா? போதவில்லையென்றால் இலக்கைக் குறைத்து வைத்து ஆளைச் சேர்க்கலாம் என்ற யோசனை வரும். அந்தப் பணத்தோடு நீங்கள் பொருளைச் செய்தே ஆக வேண்டும் என்பதால் வேண்டாம் என்பேன். ரிவார்டின் கவர்ச்சி குறைந்தாலும் பரவாயில்லை, விலையை ஏற்றுங்கள். அல்லது பேட்டரியை விட்டு மின்கம்பிக்கு மாறுங்கள்.

மூன்றாவது எண்ணை உங்கள் தொழிற்சாலை சொன்ன தேதியோடு கூட்டி, கிடைக்கும் மாதத்தை உங்கள் கேம்பெயின் பக்கத்தில் போடுங்கள். கடைசியாக ஒன்று: பட்டியலில் உள்ள உருவாக்குநர்களில், எல்லாவற்றையும் அனுப்பி முடித்து ஒரு வருடமாவது ஆனவர்களுக்கு எழுதுங்கள். கேம்பெயின் நடக்கும்போது பதில் வராது. ஓய்ந்த பிறகு ஆச்சரியப்படும் அளவுக்குப் பேசுவார்கள். "எப்படி ஜெயித்தீர்கள்" என்று கேட்காதீர்கள். தொழிற்சாலை முதலில் கொடுத்த விலைக்கும் கடைசியில் கட்டிய விலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேளுங்கள்.