நீலகிரிப் பிள்ளைகளுக்குப் பண்டைய கிரேக்கத்தைக் கற்பிக்கும் முறை

பண்டைய கிரேக்கப் பாடத்தை ஏதென்ஸ், ஸ்பார்ட்டா என்ற நகர அரசுகளின் பெயர்களில் தொடங்காமல், மலையிலும் மழையிலும் தொடங்குங்கள். நம் பிள்ளைகளுக்கு அவ்விரண்டையும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அகலமான தாம்பாளத்தில் தேயிலைத் தோட்டத்துச் செம்மண்ணைப் பிசைந்து, குறுக்கும் நெடுக்குமாக மேடுகள் எழுப்பி, ஓரங்களில் கடல் உள்ளே புகும்படி பள்ளம் விட்டுத் தண்ணீர் ஊற்றச் செய்யுங்கள். மேடுகளுக்கு இடையே எஞ்சும் சிறு சமவெளி ஒவ்வொன்றிலும் ஒரு புளியங்கொட்டையை வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரலால் வழி தேடச் சொன்னால், மேடேறி இறங்குவதைவிடத் தண்ணீரில் சுற்றிப் போவதே எளிது என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வார்கள். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மலையான நாட்டில் நூற்றுக்கணக்கான நகர அரசுகள் தனித்தனியே எழுந்ததையும், கிரேக்கர்கள் கடலோடிகள் ஆனதையும் இதைவிடத் தெளிவாகக் காட்ட வழியில்லை என்றே கருதுகிறேன்.

அடுத்து, தென்மேற்குப் பருவத்தில் தேவாலா கொட்டும் மழையில் நனையும்போது மசினகுடி காய்ந்து கிடப்பதை நினைவூட்டுங்கள். கிரேக்கத்தின் பிண்டஸ் மலைத்தொடர் மேற்கிலிருந்து வரும் மழையைத் தடுப்பதால், மேற்கே உள்ள கோர்ஃபு தீவில் ஆண்டுக்கு 1,000 மி.மீ.க்கு மேல் பெய்ய, கிழக்கே உள்ள ஏதென்ஸுக்குக் கிடைப்பது சுமார் 400 மி.மீ. மட்டுமே. அங்கே மழை குளிர்காலத்தில் பெய்கிறது, கோடை வறண்டு போகிறது என்ற வேறுபாட்டை அழுத்திச் சொல்லுங்கள். வறட்சியைத் தாங்கும் ஆலிவும் திராட்சையும் செழித்ததும், கோதுமை போதாமல் போனதும் அதனால்தான்.

இந்தத் தானியப் பற்றாக்குறைக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்து லாரிகள் நின்றுவிட்டால் கடையில் காய்கறியும் அரிசியும் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு, கருங்கடல் பகுதியிலிருந்து வந்த தானியத்தை நம்பியிருந்த ஏதென்ஸின் கதையைச் சொல்லுங்கள். கி.மு. 405-இல் கருங்கடலுக்குச் செல்லும் வழியிலிருந்த ஈகோஸ்பொட்டாமியில் அதன் கப்பற்படையை அழித்த எதிரி அரசான ஸ்பார்ட்டா அந்தக் கடல்வழியை அடைத்தது. பட்டினியில் வாடிய நகரம் மறு ஆண்டே சரணடைந்தது.

நிலமே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கி.மு. 483 வாக்கில் ஏதென்ஸுக்குச் சொந்தமான லாரியம் சுரங்கத்தில் பெருமளவு வெள்ளி கிடைத்தபோது, அதை ஆளுக்குப் பத்து திராக்மா (வெள்ளி நாணயம்) வீதம் பகிர்ந்துகொள்வதா, கப்பல் கட்டுவதா என்ற கேள்வி எழுந்தது. முடிவைச் சொல்லாமல் வகுப்பிலேயே கைதூக்கி வாக்களிக்கச் செய்யுங்கள்; அதன் பிறகே, ஏதென்ஸின் தலைவர் தெமிஸ்டோக்ளீஸ் கப்பல் கட்ட இசைவித்ததையும், கி.மு. 480-இல் அக்கப்பல்கள் சலாமிஸ் தீவருகே நடந்த கடற்போரில் பாரசீகரை வென்றதையும் கூறுங்கள்.