டி செல்லில் கால்சியம் ஏறுவதைப் பிடிக்க

டி செல்லை (ஒரு வகை நோயெதிர்ப்பு வெள்ளணு) தூண்டினால் உள்ளே கால்சியம் ஏறும். அதை ஒளிரும் சாயம் போட்டு ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளக்கும் மெஷின்) பார்க்கிறோம். முதல் தடவை என் வரைபடம் படுத்தே கிடந்தது. ஓகேடி3 (டி செல்லின் சிடி3-இல் ஒட்டி அதைத் தூண்டும் எலி ஆன்டிபாடி) போட்டால் சின்ன மேடு, அயனோமைசின் (கால்சியத்தை நேராகச் செல்லுக்குள் விடும் பொருள்) போட்டாலும் கிட்டத்தட்ட அதே மேடு. லேசரைத் திட்டினேன், சாயத்தைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், செல்களை, கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும் ஈடிடிஏ கலந்த பஃபரிலேயே வைத்திருக்கிறேன்! உள்ளே சேமிப்பில் இருந்தது மட்டும் கொஞ்சம் கசிந்திருக்கிறது. வெளியிலிருந்து நுழையக் கால்சியமே இல்லை.

அதனால் ரத்தத்தை ஈடிடிஏ டியூபில் அல்ல, ஹெப்பாரின் டியூபில் எடுங்கள். வெள்ளணுக்களைப் பிரித்த பின், 1 மில்லிமோலாராவது கால்சியம் உள்ள, ஃபீனால் ரெட் நிறமி இல்லாத ஹேங்க்ஸ் கரைசலுக்கு மாற்றுங்கள். கால்சியத்தைப் பிடித்தால் ஒளிரும் சாயமான ஃப்ளூவோ-4 ஏஎம் 2 மைக்ரோமோலார், கூடவே அது கரைய உதவும் ப்ளூரானிக் ஒரு துளி. 37 டிகிரியில், இருட்டில் 30 நிமிடம். சீரம் வேண்டாம், அதிலுள்ள எஸ்டரேஸ் நொதி சாயத்தை வெளியிலேயே வெட்டிவிடும். கழுவியபின் இன்னொரு 20 நிமிடம் சும்மா விடுங்கள். உள்ளே போன சாயம் முழுதாக வெட்டுப்பட்டால்தான் கால்சியத்தைப் பிடிக்கும். அவசரத்தில் எல்லோரும் விடுவது இந்த 20 நிமிடத்தைத்தான்.

டியூபை மறுபடி 37 டிகிரிக்குச் சூடாக்கி மெஷினில் வையுங்கள். 488 லேசர், 530 ஃபில்டர், கிடையச்சில் நேரம். தூண்டாமல் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். அந்தக் கோடு சாய்ந்தால் மேலே போகவேண்டாம். அப்புறம் பதிவை நிறுத்தாமல் டியூபை எடுத்து, ஓகேடி3 விட்டு, ஒரு குலுக்கு, திரும்ப வையுங்கள். நடுவில் விழும் சில நொடி இடைவெளி பரவாயில்லை. ஓகேடி3-களை ஒன்றோடொன்று பிணைக்க ஆட்டு ஆன்டி-மவுஸ் (எலி ஆன்டிபாடியைப் பிடிக்கும் ஆட்டு ஆன்டிபாடி) போடுவதானால் ஒரு எச்சரிக்கை: டி செல் வகையை அடையாளம் காண சிடி4-க்கு ஏற்கெனவே எலி ஆன்டிபாடி ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்து இழுத்துவிடும். அப்போது பயோட்டின் ஒட்டிய ஓகேடி3-யும், பயோட்டினைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடினும்தான் வழி.

ஃப்ளூவோ-4-க்கு ஒரே அலைநீளம். சாயம் அதிகம் குடித்த செல், கால்சியம் ஏறாமலேயே பளிச்சென்று தெரியும். யூவி லேசர் இருக்கிறதா? இண்டோ-1 சாயத்துக்குப் போய்விடுங்கள். 1985-இல் ரோஜர் சியென் குழு வெளியிட்டது. ஊதாவுக்கும் நீலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பதால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும்.

சரி, அயனோமைசின். அது மெஷினின் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு அடுத்த டியூபின் தொடக்கக் கோட்டையே தூக்கிவிடும். அதனால் அயனோமைசின் டியூப் எப்போதும் வரிசையில் கடைசி. பிறகு பிளீச், அப்புறம் நிறையத் தண்ணீர்.