அமெரிக்காவில் வாங்கிய வானை ஒன்ராறியோவுக்குக் கொண்டுவந்த கதையும் முறையும்

எங்கள் பழைய வானின் அடிப்பக்கத்தை மெக்கானிக் ஸ்குரூட்ரைவரால் ஒரு தட்டுத் தட்டினார், துரு பொலபொலவென்று கொட்டியது. குளிர்காலம் முழுக்க வீதியில் உப்புக் கொட்டும் ஊரில் பத்து வருட வானுக்கு வேறு கதி இல்லை. அப்போதுதான் வட கரோலினாவில் இருக்கும் சித்தப்பாவின் மகன், "அண்ணா, இங்கே உப்புமில்லை, துருவுமில்லை, இங்கே ஒன்று பார்க்கட்டா?" என்று கேட்டான். 9,800 அமெரிக்க டொலருக்கு 2016 மொடல் மினிவான் ஒன்று அகப்பட்டது. இது 2023 இலையுதிர் காலத்தில் நடந்தது. வரி விஷயம் அதற்குப் பிறகு மாறிவிட்டது, கீழே ஒரு இற்றைப்படுத்தல் போட்டிருக்கிறேன், அதைப் படிக்காமல் காசு கொடுத்துவிடாதீர்கள்.

கார் எப்படிப் பார்ப்பது, விலை எப்படிப் பேசுவது என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. கடுதாசி வேலை மட்டும்தான்.

படி 1: அந்தக் கார் கனடாவுக்குள் வரலாமா?

காசு கொடுக்குமுன் செய்யவேண்டியது இது. 15 வயதுக்குக் குறைந்த அமெரிக்க வாகனங்கள் ஆர்ஐவி என்ற இறக்குமதி வாகனப் பதிவாளர் திட்டத்தின் வழியாகத்தான் வரவேண்டும். அமெரிக்காவிலிருந்து கொண்டுவரக்கூடிய வாகனங்களின் பட்டியலைக் கனடியப் போக்குவரத்து அமைச்சு நிறுவன வாரியாக வெளியிடுகிறது. உங்கள் மொடலையும் வருடத்தையும் அதில் தேடுங்கள். "வரலாம்", "வரக்கூடாது", "இன்ன மாற்றம் செய்தால் வரலாம்" என்று மூன்றில் ஒரு பதில் கிடைக்கும்.

இரண்டு நாட்டுக் கார்களும் பார்வைக்கு ஒன்றுதான், விதிகள்தான் அங்கங்கே பிரிகின்றன. 1989 டிசெம்பர் 1க்குப் பிறகு தயாரான கார்களில் பகலில் தானாக எரியும் முன்விளக்கு கனடாவில் கட்டாயம், அமெரிக்காவில் கட்டாயமில்லை. அதைப் பிறகு பொருத்திக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. ஆனால் 2007 செப்ரெம்பர் 1 முதல் தயாரான கார்களுக்கு, சாவியில் சிப் இல்லாவிட்டால் எஞ்சின் கிளம்பாதபடி தடுக்கும் இம்மொபிலைசர் வேண்டும். அமெரிக்காவில் அதுவும் கட்டாயமில்லை என்பதால் சில மொடல்களின் மலிவான ரகங்களில் அது இல்லாமலே விற்றிருக்கிறார்கள். மலிவு என்று பாய்ந்து விழுகிறவர்கள் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான்.

அப்புறம், ஒரு டோர்ச் எடுத்துக்கொண்டு சாரதிப் பக்கக் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கும் வெள்ளை லேபலைப் பாருங்கள். தயாரான மாதமும் வருடமும், அமெரிக்க மத்திய அரசின் வாகனப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்ற வாசகமும், வின் நம்பரும் (ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்) அதில் இருக்கவேண்டும். எங்கேயோ இடிபட்டுக் கதவுத் தூணுக்குப் பெயின்ட் அடித்த காரில் இந்த லேபல் காணாமல் போயிருக்கும். அது இல்லையென்றால் தயாரிப்பாளரிடம் கடிதத்துக்கு அலையவேண்டும். நான் என்றால் அந்தக் காரையே விட்டுவிடுவேன்.

படி 2: ரீகால் கடிதம்

தயாரிப்பாளர் குறைபாட்டுக்காகத் திருப்பி அழைத்த வேலை எதுவும் பாக்கி இல்லை என்று எழுத்தில் வேண்டும். டக்காட்டா காற்றுப்பை விவகாரம் நினைவிருக்கும், கோடிக்கணக்கான கார்கள் அதில் சிக்கின, மாற்றாமலே ஓடிக்கொண்டிருப்பவை இன்னும் உண்டு. வின் நம்பரைக் கொடுத்தால், காரின் பழைய வரலாற்றைச் சொல்லும் கார்ஃபாக்ஸ் அறிக்கையிலேயே "ரீகால் இல்லை" என்று வருகிறதே என்று நான் அதை ஆர்ஐவிக்கு அனுப்பினேன், ஏற்கவில்லை. தயாரிப்பாளரின் பெயரில், முழு வின் நம்பரோடு, தேதி போட்ட கடிதம்தான் வேண்டும் என்றார்கள். தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் இலக்கத்துக்கு அழைத்துக் காத்திருப்பதைவிட, அந்த நிறுவனத்தின் டீலர் கடைக்கு நேரே போய் சேர்விஸ் மேசையில் கேட்பது நல்லது. தம்பி அப்படிப் போய்த்தான் வாங்கிவந்தான். கார்ஃபாக்ஸ் இல்லை என்றாலும் என் வானில் ஒரு ரீகால் பாக்கி இருந்தது, அதை அங்கேயே இலவசமாகச் செய்துவிட்டுத்தான் கடிதம் கொடுத்தார்கள்.

படி 3: 72 மணித்தியாலம் (நான் விழுந்த குழி)

எல்லோரும் கனடாவுக்குள் வருவதைப் பற்றியே யோசிக்கிறார்கள், நானும் அப்படித்தான். அமெரிக்காவை விட்டு வெளியே போவதற்கும் அனுமதி வேண்டும் என்பது புத்திக்கு எட்டவே இல்லை. பாவித்த வாகனத்தைத் தரை வழியாக வெளியே கொண்டுபோகிறவர், எந்த எல்லைப் பாலத்தால் போகப்போகிறாரோ அந்தப் பாலத்தில் இருக்கும் அமெரிக்கச் சுங்கத்தின் ஏற்றுமதி அலுவலகத்துக்குக் கடுதாசிகளை 72 மணித்தியாலத்துக்கு முன்பே கொடுத்திருக்கவேண்டும். களவு கார்கள் எல்லை தாண்டுவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

அதற்கும் முன்பு ஏற்றுமதியை இணையத்தில் பதிந்து, ஐடிஎன் என்று ஒரு இலக்கம் எடுக்கவேண்டும். எக்ஸ் என்ற எழுத்தில் தொடங்கி, பின்னால் தேதியும் ஆறு இலக்கமும் வரும். கனடாவுக்குப் போகும் மற்றப் பொருட்கள் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பதிவு தேவையில்லை, ஆனால் பாவித்த வாகனங்களுக்கு 2014 ஏப்ரலில் இருந்து தேவை, விலை எவ்வளவு என்றாலும். நானே இணையத்தில் பதிந்துகொள்வோம் என்று உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே அமெரிக்க வரி அடையாள எண் கேட்டது. ஒன்ராறியோவில் இருக்கிறவனிடம் அது ஏது? அதைச் சுற்றி வழி தேடியே ஒரு வாரம் போனது. கடைசியில் பஃபலோ பக்கத்தில் உள்ள ஒரு சுங்க முகவரிடம் கொடுத்தேன், அன்று பின்னேரமே இலக்கம் வந்தது. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள், முகவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சரி, இலக்கம் வந்தாயிற்று. டைட்டிலை (காரின் உரிமைப் பத்திரம்) போனில் படம் எடுத்து, விற்பனைப் பற்றுச்சீட்டு, பாஸ்போட் பிரதி எல்லாவற்றோடும் செவ்வாய்க்கிழமை மின்னஞ்சலில் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை காலை போகலாம் என்று கணக்கு. வியாழன் இரவு, தம்பியும் நானும் வழியில் கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது பதில் வந்தது: டைட்டிலின் பின்பக்கம் இல்லை. பின்பக்கத்தில்தான் விற்றவரின் கையெழுத்தும், வட கரோலினாவில் கட்டாயமான நொத்தாரிசு முத்திரையும் இருக்கின்றன. முன்பக்கத்தை மட்டும் நான் படம் எடுத்திருந்தேன். எல்லாக் கடுதாசியும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் 72 மணித்தியாலம் எண்ணத் தொடங்கும். அன்றிரவே அனுப்பினேன், கணக்கு ஞாயிறு இரவில் முடிந்தது. நாங்கள் போகவிருந்த பாலத்தில் ஏற்றுமதி அலுவலகம் வார நாட்களில், பகலில் மட்டும்தான் திறக்கும். பாலம் 24 மணித்தியாலமும் திறந்திருக்கும், அலுவலகம் அப்படியில்லை! மூன்று இரவு மோட்டலில் கிடந்து, திங்கள் காலையில் போனோம். அசல் டைட்டிலில் முத்திரை குத்தித் தருவதற்கு எடுத்த நேரம் நான்கு நிமிடம்.

ஆகவே, டைட்டிலின் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்யும் ஆப்பால் எடுத்து ஒரே பிடிஎஃப்பாக அனுப்புங்கள். சாதாரணப் படமாக எடுத்தால் நிழல் விழுந்து வின் நம்பரில் 8உம் பி எழுத்தும் ஒன்றாகத் தெரியும். அனுப்பிய பிறகு அலுவலகத்துக்குப் போன் போட்டு "எல்லாம் சரியா, எப்போது வரலாம்" என்று வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். "அனுப்பினேன்தானே" என்று இருந்ததால்தான் எனக்கு மூன்று இரவு.

படி 4: கனடியப் பக்கம்

இது சுலபம். பாலத்தைத் தாண்டியதும் "கார் இறக்குமதி செய்கிறேன்" என்று சொன்னால் உள்ளே அனுப்புவார்கள். வாகன இறக்குமதிக்கான படிவம் 1ஐ நிரப்பி முத்திரை வாங்கவேண்டும். அந்தக் கடுதாசியைப் பிள்ளையைப் போலப் பாதுகாக்கவேண்டும், அது இல்லாமல் பிறகு இலக்கத் தகடு எடுக்க முடியாது.

வரிக் கணக்கு எனக்கு இப்படி வந்தது. அன்றைய மாற்று வீதத்தில் 9,800 டொலர் ஏறத்தாழ 13,300 கனடிய டொலர். குளிரூட்டி இருப்பதால் 100 டொலர். மொத்தத்துக்கும் 5 சதவீத ஜிஎஸ்டி, 670 டொலர் சொச்சம். மாகாணத்தின் 8 சதவீதத்தை எல்லையில் கேட்க மாட்டார்கள், தகடு எடுக்கும்போது கேட்பார்கள், அதை மறந்து காசை முடித்துவிடாதீர்கள். வின் நம்பரின் முதல் எழுத்தைப் பாருங்கள்: 1, 4, 5 என்றால் அமெரிக்காவில் பொருத்தியது, 2 கனடா, 3 மெக்சிகோ, ஜே என்றால் ஜப்பான். என்னுடையது 5, அப்போது சுங்கத் தீர்வை இல்லை. வட அமெரிக்காவுக்கு வெளியே தயாரானது என்றால் 6.1 சதவீதம் ஒதுக்கி வையுங்கள்.

படி 5: ஆர்ஐவி சோதனை

நான் கட்டிய ஆர்ஐவி கட்டணம் 325 டொலர், வரி தனி. கட்டி, ரீகால் கடிதத்தை அனுப்பினால் படிவம் 2 மின்னஞ்சலில் வரும். அதை அச்செடுத்துச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோகவேண்டும். எல்லை தாண்டிய நாளிலிருந்து 45 நாளுக்குள் மாற்றங்களும் சோதனையும் முடிந்திருக்கவேண்டும்.

இங்கே பலரும் குழம்புவது ஒரு விஷயத்தில். ஆர்ஐவி சோதனை வேறு, ஒன்ராறியோவின் சேஃப்டி சான்றிதழ் வேறு. முன்னதில் பிரேக் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பகல் விளக்கு எரிகிறதா, குழந்தை இருக்கையின் மேல்வாரை மாட்டும் கொக்கி இருக்கிறதா, வேகமானியில் கிலோமீட்டர் தெரிகிறதா, இம்மொபிலைசர் வேலை செய்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். சேஃப்டியை உங்கள் வழக்கமான மெக்கானிக்கிடம் எடுக்கலாம். இரண்டும் வேண்டும். காப்புறுதியை மட்டும் கார் இங்கே வருமுன்பே வின் நம்பரைக் கொடுத்துப் போட்டுவிடுங்கள்.

இற்றைப்படுத்தல், 2025

2025 ஏப்ரல் 9 முதல் அமெரிக்காவில் தயாரான வாகனங்களுக்குக் கனடா 25 சதவீத மேல்வரி போட்டது. வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின் நிபந்தனைக்குள் வராத வாகனத்துக்கு முழு மதிப்பிலும், வருகிற வாகனத்துக்குக் கனடாவிலும் மெக்சிகோவிலும் செய்த பாகங்களைக் கழித்த மிச்சத்திலும் வரி. என் வானை இன்று கொண்டுவந்தால் லாபம் அப்படியே போயிருக்கும். வாங்குமுன் கனடிய எல்லைச் சேவைக்கு அழைத்து, வின் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்.

கேட்டவர்களுக்கு

ஜேர்மனியிலிருந்து குடிபெயர்கிற ஒருவர், மூன்று வருடக் காரை வீட்டுச் சாமானோடு கப்பலில் போடலாமா என்று கேட்டார். முடியாது. ஐரோப்பா, வளைகுடா, இலங்கை எங்கே இருந்தென்றாலும் அந்தந்த நாட்டுச் சந்தைக்குச் செய்த கார் கனடிய விதிக்கோ அமெரிக்க விதிக்கோ சான்றிடப்பட்டதல்ல, குடிபெயர்கிறவர் என்பதால் சலுகை கிடையாது. 15 வயது நிரம்பினால் மட்டும் இந்த விதி விலகும், வருடத்தை மட்டுமல்ல, தயாரான மாதத்தையும் பார்ப்பார்கள். வலப்பக்க ஸ்டியரிங் ஜப்பான் வான்கள் இங்கே ஓடுவது அப்படித்தான்.

புதிய கார் கொண்டுவருகிற இன்னொருவர் பின்விளக்குக்கும் விதி உண்டா என்று கேட்டிருந்தார், நல்ல கேள்வி. முன்னால் பகல் விளக்கு எரிவதைப் பார்த்து எல்லா விளக்கும் எரிகிறது என்று நினைத்து, பின்னால் இருட்டாக ஓடுகிறவர்களை இங்கே நிறையப் பார்க்கலாம். அதனால் 2021 செப்ரெம்பரிலிருந்து தயாராகும் கார்களுக்குக் கனடாவில் கூடுதல் விதி உண்டு. அந்த வருடத்துக்குப் பிந்திய கார் என்றால், பட்டியலில் விளக்குப் பகுதியை இரண்டு தரம் படியுங்கள்.

கடன் முடியாத காரை வாங்கலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். டைட்டிலில் வங்கியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்தது என்றோ ஏற்றுமதிக்குச் சம்மதம் என்றோ வங்கியின் அசல் கடிதம் இல்லாமல் அமெரிக்க ஏற்றுமதி அலுவலகத்தில் முத்திரை விழாது. விற்கிறவர் "பிறகு அனுப்புகிறேன்" என்றால், காசையும் பிறகு தருகிறேன் என்று சொல்லுங்கள்.