இங்க்ஸ்கேப்பில் ஒஹாயோ ஸ்டார்: உங்கள் முதல் குவில்ட் பிளாக்

துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்துச் செய்யும் போர்வைதான் குவில்ட்; அதில் திரும்பத் திரும்ப வரும் சதுர வடிவம் பிளாக். குவில்ட் டிசைனுக்கென்றே எலக்ட்ரிக் குவில்ட் 8 போன்ற மென்பொருட்கள் உண்டு, ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒன்றிரண்டு பிளாக் வரைந்து பார்க்க ஆசைப்படுபவருக்கு இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளே தாராளம்.

அமெரிக்காவின் பழைய பிளாக்கான ஒஹாயோ ஸ்டாரை எடுத்துக்கொள்வோம். மூன்றுக்கு மூன்று, மொத்தம் ஒன்பது கட்டம். நான்கு மூலையும் நடுவும் வெறும் சதுரம். மீதி நான்கு கட்டங்களிலும் மூலைக்கு மூலை கோடு போட்டது போல நான்கு நான்கு முக்கோணம். தைத்து முடித்த அளவு 12 இன்ச்.

படி 1: ஃபைல் மெனுவில் டாக்குமென்ட் பிராப்பர்ட்டீஸ் போய் அலகை இன்ச் ஆக்குங்கள், தாள் 12க்கு 12. கிரிட்ஸ் பகுதியில் இடைவெளி 2 இன்ச். கட்டம் 4 இன்ச்தானே என்று கேட்பீர்கள். முக்கோணங்கள் கட்டத்தின் நடுவில் சந்திக்கின்றன, அங்கேயும் ஒரு புள்ளி வேண்டும். வரையும் புள்ளிகள் கிரிட் புள்ளிகளில் தானாக ஒட்டிக்கொள்ள உதவும் ஸ்னாப் வசதியை இயக்க மறக்காதீர்கள்.

படி 2: சதுரங்களைச் செவ்வகக் கருவியால் வரையுங்கள். முக்கோணங்களுக்குப் பேனாக் கருவி. மூன்று புள்ளியில் கிளிக் செய்து முதல் புள்ளியில் முடிக்க வேண்டும். மேல் நடுக் கட்டத்தில் இடது, வலது முக்கோணங்கள் அடர் நிறம், மேலும் கீழும் வெளிர். நான்கையும் குரூப் செய்து நகலெடுத்து, பக்கக் கட்டங்களுக்கு 90 டிகிரி திருப்பி வையுங்கள். நடுச் சதுரம் அடர் நிறம், மூலைகள் வெளிர். எதற்கும் வெளிக்கோடு வேண்டாம். கோட்டின் தடிமன் அடுத்த படியில் பிளாக்குகளுக்கு நடுவே இடைவெளியாக வந்து நிற்கும்.

படி 3: மொத்தத்தையும் குரூப் செய்து, எடிட் மெனுவில் குளோன், அதில் கிரியேட் டைல்டு குளோன்ஸ். 4 வரிசை, 4 நிரல். முதல் குளோன் அசலின் மேலேயே உட்காரும், அதை நீக்கிவிடுங்கள். சாதாரண நகலாக இல்லாமல், அசலை மாற்றினால் தானும் மாறும் குளோனாக எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அசல் பிளாக்கில் ஓரத்தைத் தொடும் நான்கு முக்கோணங்களை மட்டும் கன்ட்ரோலை அழுத்தியபடி ஒவ்வொன்றாகத் தேர்ந்து சிவப்பாக்குங்கள். பதினாறு பிளாக்கும் கூடவே மாறும். பக்கத்துப் பக்கத்து முக்கோணங்கள் முதுகோடு முதுகு ஒட்டி, நட்சத்திரங்களுக்கு நடுவே சிவப்பு டைமண்டுகள் முளைக்கும். தனி பிளாக்கை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இது கண்ணில் படாது. என்னைக் கேட்டால் கணினியில் டிசைன் செய்வதன் முழுப் பயனும் இந்த ஒரு படிதான்.

வியூ மெனுவில் கிரேஸ்கேலுக்கு மாற்றியும் பாருங்கள். சிவப்பும் அடர் நிறமும் ஒரே சாம்பலாகக் கலந்தால், தைத்தபின் தள்ளி நின்று பார்க்கையில் நட்சத்திரத்தின் முனை தெரியாது.

படி 4: திரையில் இருப்பது தைத்து முடித்த அளவு. துணிக்குச் சுற்றிலும் கால் இன்ச் தையலுக்கு விட வேண்டும். ஆகவே ஒரு பிளாக்குக்குச் சதுரங்கள் 4½ இன்ச்: வெளிர் நான்கு, அடர் ஒன்று. முக்கோணங்களைத் தனித்தனியாக வெட்டாதீர்கள். முடிந்த அளவோடு 1¼ கூட்டி, 5¼ இன்ச் சதுரமாக அடர் இரண்டு, வெளிர் ஒன்று, சிவப்பு ஒன்று வெட்டி, ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை இரு பக்கமும் வெட்டினால் நான்கு முக்கோணம் கிடைக்கும். இப்படி வெட்டும்போது நீளப் பக்கம் நேர் இழையில் அமையும், பிளாக்கின் ஓரம் இழுபடாது. குட்டைப் பக்கங்கள் இழைக்குச் சாய்வாக, மூலைவாட்டில் அமைவதால் இழுபடும். அயர்ன் பாக்ஸை இழுத்துத் தேய்க்காமல் வைத்து அழுத்தி எடுங்கள்.