கண்ணாடி இல்லாத வளையம் போதும்: மலிவான லென்ஸ் அடாப்டரை வாங்குவதும் சோதிப்பதும்

பழைய ஃபிலிம் கேமராக்களின் லென்ஸ்களை இன்றைய மிரர்லெஸ் கேமராவில் பொருத்த உதவும் அடாப்டர்கள் சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கின்றன, பல ஆயிரம் ரூபாய்க்கும் விற்கின்றன. கையில் பணம் குறைவாக உள்ள ஒளிப்படக்காரர்கள் மலிவானதை வாங்கினால் படத்தின் தரம் கெட்டுவிடும் என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் பெரும்பாலும் தேவையற்றது. சாதாரண அடாப்டர் என்பது உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத ஓர் உலோக வளையம். லென்ஸைச் சென்சாரிலிருந்து சரியான தொலைவில் நிறுத்தி வைப்பது மட்டுமே அதன் வேலை. கனம் தவறாக இருந்தாலோ, இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டாலோ, உட்சுவர் பளபளத்தாலோதான் அது படத்தைக் கெடுக்க முடியும். இவை மூன்றையும் வீட்டிலேயே சோதித்துவிடலாம். பெரும்பாலான குறைகளைச் செலவில்லாமல் சரிசெய்தும் விடலாம்.

எந்தக் கேமராவுக்கு எது பொருந்தும்

ஒவ்வொரு கேமராவிலும் லென்ஸைப் பூட்டும் இடமான மவுண்ட்டின் முகத்திலிருந்து சென்சார் வரை ஒரு நிலையான தூரம் உண்டு. இதை ஃபிளேஞ்ச் தூரம் என்பார்கள். எம்42 திருகு மவுண்ட்டுக்கு இது 45.46 மி.மீ., நிக்கான் எஃப் மவுண்ட்டுக்கு 46.5 மி.மீ., கேனான் ஈஎஃப்புக்கு 44 மி.மீ., பழைய மினோல்டாவுக்கு 43.5 மி.மீ., கேனான் எஃப்டிக்கு 42 மி.மீ. பிரதிபலிப்புக் கண்ணாடிப் பெட்டி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் இந்தத் தூரம் மிகக் குறைவு: சோனி ஈ 18 மி.மீ., ஃபியூஜி எக்ஸ் 17.7 மி.மீ., கேனான் ஆர்எஃப் 20 மி.மீ., நிக்கான் இசட் 16 மி.மீ. லென்ஸின் தூரத்திலிருந்து கேமராவின் தூரத்தைக் கழித்தால் வருவதுதான் அடாப்டரின் கனம். எம்42 லென்ஸைச் சோனி ஈ கேமராவில் பொருத்த 27.46 மி.மீ. கனமுள்ள வளையம் வேண்டும். அந்த அளவுக்கு இடம் இருப்பதால்தான் மிரர்லெஸ் கேமராவில் பழைய எஸ்எல்ஆர் லென்ஸ்கள் அனைத்தையும் கண்ணாடியின் உதவியின்றிப் பொருத்த முடிகிறது.

பிரதிபலிப்புக் கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களின் நிலை வேறு. கேனான் ஈஎஃப் கேமராவில் எம்42 லென்ஸுக்கு 1.46 மி.மீ. கனமுள்ள மெல்லிய வளையம் போதும், முடிவிலி வரை, அதாவது மிகத் தொலைவில் உள்ளவை வரை, ஃபோகஸ் கிடைக்கும். ஆனால் ஃபுல் ஃபிரேம் கேமராவில் சில லென்ஸ்களின் பின்முனையில் கேமராவின் பிரதிபலிப்புக் கண்ணாடி இடிக்கும் என்பதால், குறிப்பிட்ட லென்ஸுக்கு அந்தச் சிக்கல் உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். நிக்கான் எஃப் கேமராவின் தூரம் எம்42 தூரத்தைவிட 1.04 மி.மீ. அதிகம், ஆகவே எவ்வளவு மெல்லிய வளையம் போட்டாலும் முடிவிலி எட்டாது. இதற்காக உள்ளே சிறு லென்ஸ் வைத்த அடாப்டர்களை விற்கிறார்கள். அந்த மலிவான கண்ணாடி, ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து எடுக்கும் படங்களை மங்கலாக்கிவிடுவதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. கண்ணாடி இல்லாத வளையத்தையே வாங்கினால், 58 மி.மீ. லென்ஸ் சுமார் மூன்று மீட்டர் வரை தெளிவாக ஃபோகஸ் ஆகும்; முகப்படங்களுக்கும் பூக்களுக்கும் அது தாராளம். நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்கள் இத்தகைய லென்ஸுடன் ஒளியை அளக்காது. மேனுவல் முறையில் வைத்து, எடுத்த படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்துத்தான் ஷட்டர் வேகத்தை முடிவு செய்ய வேண்டும்.

அப்பர்ச்சரை யார் இயக்குவது

அடாப்டருக்குப் பணம் கொடுக்கும் முன் விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்வி இது. மின்தொடர்பு இல்லாத வளையத்தின் வழியாகக் கேமரா எந்தக் கட்டளையையும் லென்ஸுக்கு அனுப்ப முடியாது. லென்ஸிலேயே அப்பர்ச்சர் வளையம் இருந்தால் சிக்கல் இல்லை. ஹீலியோஸ் 44-2 போன்ற ப்ரீசெட் லென்ஸில் இரண்டு வளையங்கள் இருக்கும். ஒன்றில் எண்ணைக் குறித்துக்கொண்டு, மற்றொன்றால் தடையின்றித் திறந்து மூடலாம். பழைய டாகுமார் லென்ஸ்களில் ஆட்டோ, மேனுவல் என்று மாற்றும் சிறு விசை உண்டு. அதை மேனுவலுக்குத் தள்ளினால் போதும். அந்த விசை இல்லாத ஆட்டோ லென்ஸ்களில், பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியை யாராவது அழுத்திப் பிடித்தால்தான் அப்பர்ச்சர் மூடும். எனவே எம்42 அடாப்டர் வாங்கும்போது, அந்த ஊசியை அழுத்தும் உள்விளிம்பு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். கேனான் எஃப்டி லென்ஸுக்கான அடாப்டரில் இதே வேலைக்காகத் திறப்பு, பூட்டு என இரு நிலைகள் கொண்ட ஒரு வளையம் இருக்கும். நிக்கானின் ஜி வகை லென்ஸ்களில் அப்பர்ச்சர் வளையமே கிடையாது. அவற்றுக்கென்றே நெம்புகோலை நகர்த்தும் வளையம் கொண்ட அடாப்டர் வருகிறது, ஆனால் அதில் எஃப் எண்கள் இருக்காது, படத்தின் வெளிச்சத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

கேனான் ஈஎஃப் லென்ஸ்கள்தாம் உண்மையான பொறி. அவற்றில் அப்பர்ச்சர் முழுக்க முழுக்க மின்சாரத்தால் இயங்குவது. மலிவான வெற்று வளையத்தில் அந்த லென்ஸைப் பொருத்தினால் அப்பர்ச்சர் முழுதாகத் திறந்த நிலையிலேயே நின்றுவிடும். ஈஎஃப் லென்ஸ் வைத்திருப்பவர் பணம் சேர்த்து, மின்தொடர்பு உள்ள அடாப்டரை வாங்குவதே நல்லது.

வந்ததும் செய்ய வேண்டிய சோதனைகள்

பெட்டியைத் திறந்தவுடன் கேமராவில் மாட்டிவிடாதீர்கள். மலிவான அடாப்டர்களின் புரியிலும் பள்ளங்களிலும் கடைசலில் வந்த உலோகத் துகள்கள் ஒட்டியிருக்கும். அவை சென்சாரில் விழுந்தால் அடாப்டரின் விலையைவிடப் பல மடங்கு செலவாகும். ஊதுபந்தால் ஊதி, பஞ்சில்லாத துணியால் துடைத்து, பழைய பல் துலக்கியால் புரியைத் தேய்த்த பிறகு முதலில் லென்ஸில் பொருத்திப் பாருங்கள். எம்42 புரி 42 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. இடைவெளியும் கொண்டது. டெலஸ்கோப்புகளுக்கும் சில பழைய டெலி லென்ஸ்களுக்கும் பயன்படும் டி2 புரியும் அதே 42 மி.மீ. விட்டம்தான், ஆனால் இடைவெளி 0.75 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஒரு சுற்று ஏறியதும் இறுகி நின்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பலத்தைக் காட்டினால் லென்ஸின் புரி போய்விடும்.

அடுத்தது கனம். டிஜிட்டல் காலிப்பர் ஒன்று இருந்தால், லென்ஸ் உட்காரும் முகத்திலிருந்து கேமராவின் மவுண்ட்டில் படியும் முகம் வரை நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். பின்புறம் நீட்டியிருக்கும், திருப்பிப் பூட்டும் பயனெட் நாக்குகளின் நுனியிலிருந்து அளக்கக் கூடாது. அந்த நாக்குகளுக்குக் கீழே உள்ள தட்டையான விளிம்புதான் கணக்கு. நான்கு அளவுகளும் ஒத்திருந்தால் முகங்கள் இணையாக உள்ளன என்று பொருள்.

அளவு சரியாக எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் ஒரு நுட்பம் உண்டு. அடாப்டர் 0.1 மி.மீ. தடிமனாகிவிட்டால், 50 மி.மீ. லென்ஸ் சுமார் 25 மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் ஆகாது. அதே பிழையில் 28 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 8 மீட்டரிலேயே நின்றுவிடும், 135 மி.மீ. லென்ஸோ 180 மீட்டர் வரை எட்டும். ஃபோகல் நீளத்தின், அதாவது லென்ஸின் மி.மீ. எண்ணின், வர்க்கத்தைப் பிழையால் வகுத்தால் இந்த எண்கள் கிடைக்கும். ஒரு தாளின் கனமே 0.1 மி.மீ.தான் என்பதை நினைத்துப் பார்த்தால், வைட் லென்ஸ்காரர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பது புரியும். இதற்கு அஞ்சித்தான் மலிவான அடாப்டர்களைத் தயாரிப்பவர்கள் வேண்டுமென்றே சற்று மெல்லியதாகக் கடைகிறார்கள். அதனால் லென்ஸின் முடிவிலிக் குறி வருவதற்கு முன்பே முடிவிலி ஃபோகஸாகிவிடும், தூர அளவுகோலும் பொய் சொல்லும். திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்பவருக்கு இது ஒரு குறையே அல்ல. அளவுகோலை நம்பித் தெருப்படம் எடுப்பவர்கள் மட்டும் சரிசெய்துகொள்ள வேண்டும்.

சரிசெய்வது கடினமல்ல. பல அடாப்டர்கள் இரண்டு பாகங்களாக, சிறு திருகுகளால் இணைக்கப்பட்டிருக்கும். திருகுகளைக் கழற்றி, இடையில் சமையலறை அலுமினியத் தாளை வளையமாக வெட்டி வைத்து மூடலாம். ஒரு அடுக்கு சுமார் 0.01 முதல் 0.02 மி.மீ. வரை கனம் கூட்டும். ஒரு அடுக்கு வைத்துத் தொலைவிலுள்ள கைப்பேசிக் கோபுரத்தைப் படமெடுத்துப் பார்த்து, தேவையென்றால் அடுத்ததை வையுங்கள். சாய்வு உள்ள அடாப்டரிலும், குறைவாக உள்ள பக்கத்தில் மட்டும் ஒரு துண்டு வைத்துச் சமன் செய்யலாம்.

சாய்வைக் கண்டுபிடிக்கக் காலிப்பர் இல்லாமலும் முடியும். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, தொலைவிலுள்ள கட்டட வரிசையை முதலில் படத்தின் இடது ஓரத்திலும் பிறகு வலது ஓரத்திலும் வைத்து, ஃபோகஸை மாற்றாமல் எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உடனே அடாப்டரைக் குறைசொல்லிவிட வேண்டாம். அதே அடாப்டரில் வேறொரு லென்ஸை மாட்டி மறுபடி பாருங்கள். இரண்டாவது லென்ஸிலும் அதே பக்கம் மங்கினால்தான் அடாப்டரைச் சந்தேகிக்கலாம்.

உட்சுவர் பளபளப்பைச் சோதிக்க, அடாப்டரை ஜன்னலை நோக்கிப் பிடித்து, கேமராவில் பொருந்தும் பக்கத்திலிருந்து கண்ணை வைத்துப் பாருங்கள். சுவரில் வெளிச்சக் கோடுகள் தெரிந்தால், வானம் இருக்கும் படங்களில் வெண்புகை படிந்ததுபோல் நிறம் வெளிறும். கறுப்பு வெல்வெட் துணியை அளவாக வெட்டி உட்புறம் ஒட்டினால் போதும். இழை உதிராமல் ஓரங்களில் பசை தடவி, அப்பர்ச்சர் ஊசி நகரும் இடத்தை விட்டு ஒட்டுங்கள். மலிவான அடாப்டருக்கு நாம் செய்யக்கூடிய திருத்தங்களில் அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் கணிப்பு.

லென்ஸின் குறிகள் மேலே வராமல் பக்கவாட்டில் நின்றால், அடாப்டரின் விளிம்பில் உள்ள மூன்று நுண்ணிய திருகுகளைத் தளர்த்தி, உள்வளையத்தைத் திருப்பிச் சரிசெய்யலாம். பயனெட் லென்ஸ் தளர்ந்து மேலும் கீழும் ஆடினால், அடாப்டரின் நாக்குகளில் உள்ள பிளவுகளை மெல்லிய திருப்புளியால் மயிரிழை அளவு விரித்தால் பிடிப்பு இறுகும். திருகும் திசையில் மட்டும் சற்று அசைந்தால் படத்துக்கு ஒன்றும் ஆகாது.

கேமராவில் செய்ய வேண்டியவை

லென்ஸ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது என்பதால், லென்ஸ் இல்லாமலும் படமெடுக்க அனுமதிக்கும் அமைப்பை மெனுவில் இயக்க வேண்டும். சோனியில் அது 'ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்', ஃபியூஜியில் 'ஷூட் வித்தவுட் லென்ஸ்'. பிறகு அப்பர்ச்சர் முன்னுரிமை முறையில் வைத்தால் ஷட்டர் வேகத்தைக் கேமரா தானே பார்த்துக்கொள்ளும். கேமராவுக்குள்ளேயே அதிர்வுத் தடுப்பு இருந்தால், லென்ஸில் எழுதியுள்ள ஃபோகல் நீளத்தை அப்படியே உள்ளிடுங்கள். ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 58 மி.மீ. லென்ஸ் 87 மி.மீ. போலக் காட்சி தரும் என்றாலும், இங்கே உள்ளிட வேண்டியது 58தான்.

ஃபோகஸான விளிம்புகளை வண்ணக் கோட்டால் காட்டும் பீக்கிங் வசதி உதவும், ஆனால் எஃப்/2 போன்ற திறப்பில் அது காட்டும் வண்ணக் கோடு கண்ணிமை, மூக்கு இரண்டிலும் ஒரே நேரத்தில் தெரியும். முகப்படத்துக்குத் திரையைப் பெரிதாக்கிக் கருவிழியைப் பார்த்து முடிவு செய்வதே நம்பகமானது. ஒரு பொத்தானுக்கு அந்தப் பெரிதாக்கும் வேலையை ஒதுக்கிவிட்டால் கை தானாகப் பழகிவிடும்.

கனமான டெலி லென்ஸை மாட்டும்போது கேமராவைப் பிடிக்காமல் லென்ஸைத் தாங்கிப் பிடியுங்கள். ட்ரைபாடிலும் லென்ஸைச் சுற்றியுள்ள பிடிவளையமான காலரில்தான் பொருத்த வேண்டும். மலிவான வளையத்தின் சிறு திருகுகள் அந்த எடையை நீண்ட நேரம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

அடிக்கடி பயன்படுத்தும் லென்ஸ்கள் இரண்டு மூன்று இருந்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு மலிவான அடாப்டர் வாங்கி நிரந்தரமாக அதிலேயே விட்டுவிடுங்கள். பின்மூடியாகக் கேமரா மவுண்ட்டுக்குரிய மூடியைப் போட்டுக்கொள்ளலாம். பழைய புரிகளின் தேய்மானம் குறையும். வெளியிடத்தில் லென்ஸை மாற்றும் நேரமும் குறையும் என்பதால் சென்சாரில் சேரும் தூசியும் குறைகிறது.