தி ஓபன் கோல்ஃப் வரலாறு: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோல்ஃபின் மிக முக்கியமான நான்கு போட்டிகளை மேஜர் என்பார்கள்; அவற்றில் மூத்தது தி ஓபன், மற்றவை மாஸ்டர்ஸ், யூ.எஸ். ஓபன், பி.ஜி.ஏ. நம் செய்தித்தாள்கள் பிரிட்டிஷ் ஓபன் என்று எழுதுவதும் இதைத்தான். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை நெருங்கும்போது இதைப் பற்றிக் கட்டுரைகளும் வினாடி வினாக்களும் காணொளிகளும் வரிசையாக வருகின்றன. அவற்றில் ஒரே பிழைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டு வருடாவருடம் தலைகாட்டுகின்றன. இன்றைய போட்டியை மனத்தில் வைத்துக்கொண்டு அன்றையதைப் படிப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

ஆண்டுக் கணக்கு வேறு, போட்டிக் கணக்கு வேறு

அதிகம் நடக்கும் தவறு இதுதான். 1860இல் தொடங்கிய போட்டி; 2025 வரை எண்ணினால் 166 ஆண்டுகள். ஆனால் 2025இல் ராயல் போர்ட்ரஷில் ஸ்காட்டி ஷெஃப்லர் வென்றது 153ஆவது ஓபன். இடையில் 13 ஆண்டுகள் போட்டியே நடக்கவில்லை. முதல் உலகப் போரால் 1915 முதல் 1919 வரை ஐந்து, இரண்டாம் உலகப் போரால் 1940 முதல் 1945 வரை ஆறு, கொரோனாவால் 2020, இவற்றோடு 1871. போரையும் நோயையும் நினைவில் வைத்திருப்பவர்கள்கூட 1871ஐ விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கு புரியாமல்தான் 1960ஆம் ஆண்டு ஓபனை நூறாவது ஓபன் என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆஸ்திரேலியர் கெல் நாகிள் வென்ற அந்தப் போட்டி, ஓபன் தொடங்கி நூறு ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடியது. வரிசையில் அது 89ஆவதுதான். நூறாவது ஓபன் 1971இல் ராயல் பர்க்டேலில் நடந்தது. வென்றவர் லீ ட்ரெவினோ. 150க்கும் இதே குழப்பம் உண்டு. 2010இல் லூயி ஊஸ்தய்சன் வென்றபோது போட்டிக்கு வயது 150. அது 139ஆவது ஓபன். 150ஆவது ஓபனை 2022இல் கேமரன் ஸ்மித் வென்றார். இரண்டும் செயின்ட் ஆண்ட்ரூஸிலேயே நடந்ததால் ஒன்றின் தகவல் மற்றதில் எளிதாகப் புகுந்துவிடுகிறது.

சரிபார்க்க ஒரு சுருக்கு வழி இருக்கிறது. 1946 முதல் 2019 வரையான எந்த ஆண்டிலிருந்தும் 1871ஐக் கழித்தால் அந்த ஓபனின் எண் கிடைக்கும். 2021 முதல் 1872ஐக் கழிக்க வேண்டும். இரண்டு போர்களுக்கும் நடுவே, 1920 முதல் 1939 வரை, 1865ஐ.

தொடங்கிய இடம் செயின்ட் ஆண்ட்ரூஸ் அல்ல

கோல்ஃபின் தாய்வீடு என்று அந்த ஊருக்குப் பெயர் இருப்பதால் ஓபனும் அங்கேதான் பிறந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். அப்படியில்லை. 1860 அக்டோபர் 17 அன்று ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், பிரெஸ்ட்விக்கில்தான் முதல் போட்டி நடந்தது. முதல் 12 ஓபன்களும் அங்கேயே நடந்தன. செயின்ட் ஆண்ட்ரூஸின் முறை 1873இல்தான் வந்தது. தொடங்கி வைத்ததும் பிரெஸ்ட்விக் சங்கம்தான். இன்று போட்டியை நடத்தும் செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ அமைப்பு தொடக்கம் முதலே நடத்தி வந்தது என்று எழுதுவது அந்தச் சிறிய சங்கத்தின் உழைப்பை மறைத்துவிடும்.

அந்த முதல் போட்டியில் விளையாடியவர்கள் எட்டே பேர். எல்லோரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். பணத்துக்காக ஆடாத அமெச்சூர்களுக்கு அடுத்த ஆண்டுதான் இடம் கிடைத்தது. ஆகவே 1860இலேயே அனைவருக்கும் திறந்த போட்டி என்று எழுதக் கூடாது. மஸ்ஸல்பர்க்கைச் சேர்ந்த வில்லி பார்க் 174 அடிகளில் வென்றார் (அடி என்பது பந்தை மட்டையால் அடித்த தடவை; குறைவாக எடுப்பவரே வெல்வார்). மூத்த டாம் மாரிஸ் இரண்டு அடி பின்தங்கினார். பரிசு, வெள்ளி வேலைப்பாடு கொண்ட சிவப்புத் தோல் இடைப்பட்டை. பணம் கிடையாது. வென்றவருக்குப் பணம் முதன்முதலாக 1864இல்தான் வந்தது, அதுவும் ஆறு பவுண்டு. முதல் ஓபனிலேயே, இன்று வென்றவர் பெறும் கிளாரெட் ஜக் கோப்பையை வில்லி பார்க் கையில் கொடுத்துவிடும் கட்டுரைகள் உண்டு. அந்தக் கோப்பை அப்போது செய்யப்படவே இல்லை.

1871 ஏன் காலியாக இருக்கிறது என்பதற்கும் இந்தப் பட்டைதான் விடை. தொடர்ந்து மூன்று முறை வென்றவருக்குப் பட்டை சொந்தம் என்பது விதி. மூத்த டாமின் மகன் இளைய டாம் மாரிஸ் 1868, 1869, 1870 மூன்றிலும் வென்று அதை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். வைத்து விளையாடப் பரிசு இல்லாததால் அடுத்த ஆண்டு போட்டி இல்லை. பிறகு பிரெஸ்ட்விக், செயின்ட் ஆண்ட்ரூஸ், எடின்பரோவைச் சேர்ந்த சங்கங்கள் மூன்றும் ஆளுக்குப் பத்து பவுண்டு போட்டுக் கோப்பை செய்யச் சொல்லி 1872இல் போட்டியைத் தொடர்ந்தன. அதையும் இளைய டாமே வென்றார். கோப்பை அப்போது தயாராகாததால் அவருக்குப் பதக்கம்தான் கிடைத்தது, ஆனாலும் கோப்பையில் பொறித்த முதல் பெயர் அவருடையது. தொடர்ந்து நான்கு ஓபன்களை வென்றார் என்று எழுதலாம். தொடர்ந்து நான்கு ஆண்டுகள் என்று எழுதினால் தவறு.

ஒரே பெயரில் இருவர்

தந்தையும் மகனும் டாம் மாரிஸ். தந்தை 1861, 1862, 1864, 1867 ஆகிய ஆண்டுகளில் வென்றார். 1867இல் அவருக்கு வயது 46. ஓபனை வென்றவர்களில் இன்றுவரை அவரே மூத்தவர். அடுத்த ஆண்டே 17 வயதில் வென்ற மகன்தான் இன்றுவரை இளையவர். ஆளுக்கு நான்கு வெற்றி என்பதால் ஆண்டுகள் இடம் மாறிவிடுவது வாடிக்கை. பார்க் குடும்பத்திலும் அப்படித்தான்: மூத்த வில்லி, 1887இலும் 1889இலும் வென்ற அவர் மகன் இளைய வில்லி, 1874இல் வென்ற, மூத்த வில்லியின் தம்பி மங்கோ பார்க். இந்த மங்கோவை, ஆப்பிரிக்காவில் நைஜர் நதியைத் தேடிப் போன மங்கோ பார்க்கோடு சேர்த்துவிடாதீர்கள். அந்தப் பயணி 1806இலேயே இறந்துவிட்டார்.

இளைய டாமின் முடிவைப் பற்றி எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். 1875 செப்டம்பரில் நார்த் பெரிக்கில் தந்தையோடு சேர்ந்து பார்க் சகோதரர்களை எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. பிரசவத்தில் அவர் மனைவியும் குழந்தையும் இறந்துபோனார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 25 அன்று, 24 வயதில், அவரும் போய்விட்டார். மனமுடைந்து இறந்தார் என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் அதிகம். துயரம் அவரை உருக்கியிருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மரணத்துக்குச் சொல்லப்பட்ட உடற்காரணம் நுரையீரலில் ரத்தக்குழாய் வெடித்தது. கதைக்கு அழகு சேர்க்கிறது என்பதற்காக அதை விட்டுவிடுவது அவருக்கு நியாயம் செய்வதாகாது.

எண்ணிக்கைகளை ஒப்பிடும்போது

1870இல் இளைய டாம் எடுத்த 149 அடிகள், இன்றைய நாலு நாள் ஆட்டத்தின் மொத்தம் அல்ல. தொடக்கத்தில் ஓபன் என்பது ஒரே நாளில் 36 குழிகள். பிரெஸ்ட்விக்கில் 12 குழிகள்தான் இருந்தன, மூன்று சுற்று. செயின்ட் ஆண்ட்ரூஸில் 18 குழிகள், இரண்டு சுற்று. மஸ்ஸல்பர்க்கில் 9 குழிகள், நான்கு சுற்று. 1892இல் மியூர்ஃபீல்டில்தான் 72 குழிகள் வந்தன. அதை வென்றவர் அமெச்சூரான ஹெரால்டு ஹில்டன். மூத்த டாம் 1862இல் 13 அடி வித்தியாசத்தில் வென்றது ஓபனில் இன்றும் சாதனை, அதுவும் 36 குழிகளுக்குள். மேஜர் போட்டிகள் அனைத்திலும் பெரிய வித்தியாசம் 2000இல் யூ.எஸ். ஓபனில் டைகர் வுட்ஸ் காட்டிய 15. இந்த இரண்டு சாதனைகளையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

மேஜர் எண்ணிக்கையை வைத்துப் பழைய ஆட்டக்காரர்களை அளப்பது இதைவிடப் பெரிய பிழை என்பேன். மாஸ்டர்ஸ் தொடங்கியதே 1934இல். அதற்கு முன்பே ஓபனை ஆறு முறை வென்று இன்றும் முதலிடத்தில் இருக்கும் ஹாரி வார்டன் ஆட முடிந்த மேஜர்கள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். பாபி ஜோன்ஸ் 1930இல் வென்ற நான்கும் இன்றைய நான்கு அல்ல. அவற்றில் இரண்டு அமெச்சூர் போட்டிகள். 1953இல் பென் ஹோகன் மாஸ்டர்ஸ், யூ.எஸ். ஓபன், கார்னூஸ்டியில் ஓபன் மூன்றையும் வென்றார். நான்காவதான பி.ஜி.ஏ.வில் அவர் தோற்கவில்லை, ஆடவே இல்லை; அதன் தேதிகள் ஓபனோடு மோதின.

1999 கார்னூஸ்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் ஜான் வான் டி வெல்டே கடைசிக் குழியில் ஓபனைத் தோற்றார் என்கிறார்கள். மூன்று அடி முன்னிலையோடு அங்கே வந்தவர் ஏழு அடி எடுத்தது உண்மை. ஆனால் அவர் தோற்றது அதன் பிறகு, சமநிலையை முறிக்க நடந்த நான்கு குழி பிளேஆஃபில். அதில் கடைசி இரண்டு குழிகளிலும் பேர்டி (குழிக்கு வகுத்த அடிகளைவிட ஒன்று குறைவு) அடித்து வென்ற பால் லாரி, அன்று காலை பத்து அடி பின்தங்கியிருந்தவர்.

பீட்டர் தாம்சனுக்கும் இப்படி ஓர் அநீதி தொடர்கிறது. 1954, 1955, 1956, 1958 என்று இந்த ஆஸ்திரேலியர் வென்றபோது அமெரிக்காவின் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் அட்லாண்டிக்கைத் தாண்டி வரவில்லை. அதனால் அவருடைய ஐந்து ஓபன்களையும் எளிய வெற்றிகளாக எழுதிவிடுகிறார்கள். ஐந்தாவது 1965இல் பர்க்டேலில். அங்கே ஆர்னால்ட் பால்மர், ஜாக் நிக்லஸ், முந்தைய ஆண்டு வென்ற டோனி லீமா மூவரும் ஆடினார்கள். இந்தியன் ஓபன் தொடங்கிய 1964இல் அதை வென்றவரும் இதே தாம்சன்தான்; பிறகு 1966இலும் 1976இலும் மீண்டும் வென்றார்.